ஆயர் தாவாரில் கட்டிய விமானம்: காணாமல் போன வேகத்தைத் தேடியது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆயர் தாவாரில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நாங்கள் கட்டி, லோரியில் ஏற்றிச் சித்தியவான் விமானத் திடலுக்குக் கொண்டுபோன விமானம் நன்றாகவே பறக்கிறது. நன்றாக ஏறுகிறது, பதமாக இறங்குகிறது. குறை ஒன்றுதான்: வேகம். பாகங்கள் வந்த கிட்டோடு சேர்ந்து வந்த கையேடு, எஞ்சின் 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்று) ஓடும்போது 110 நாட் என்கிறது. எங்கள் வேகமானி 92-க்கு மேல் அசையவில்லை. ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக மணிக்கு 33 கிலோமீட்டர் காணோம்.

விமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இருக்கை, தாழ்ந்த இறக்கை, முழுக்க அலுமினியத் தகடு. எஞ்சின் 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ். புரொப்பெல்லர் மூன்று இதழ். இதழின் கோணத்தைத் தரையில் வைத்துத்தான் மாற்ற முடியும், பறக்கும்போது முடியாது. சக்கரங்கள் மடங்காதவை, மூக்குச் சக்கரம் முன்னால்.

திடலில் கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: "புரொப்பெல்லர் கோணத்தை மாத்துங்க." அதைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயண வேகத்தில் எஞ்சினின் பலம் பெரும்பாலும் காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அதற்கு வேண்டிய பலம் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். பத்து விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டுமானால் 33 விழுக்காடு கூடுதல் பலம் வேண்டும். 92-லிருந்து 110-க்குப் போக ஏறக்குறைய 70 விழுக்காடு. அவ்வளவு பலம் எங்கேயோ வீணாகிக்கொண்டிருந்தால் அந்த விமானம் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு இப்படி விறுவிறுவென்று ஏறாது. அப்படியானால் 92 என்ற எண்ணையே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எண்ணெய் ஆலையில் பாய்லர் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் கொட்டகைக்கு அடிக்கடி வருவார். விவரத்தைச் சொன்னதும் அவரும் அதையே சொன்னார். "தம்பி, பம்ப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி கேஜைக் கழட்டிப் பாருங்க. ஆலையில பாதி நாள் கோளாறு கேஜுலதான் இருக்கும்."

முதல் விஷயம் மீட்டர் கோளாறே அல்ல, உயரமும் நம் ஊர் வெயிலும். கையேட்டில் போட்டிருப்பது உண்மை வேகம், அதாவது காற்றுக்குள் விமானம் நிஜமாகப் போகும் வேகம். வேகமானி காட்டுவது காற்றின் அழுத்தத்தை. காற்று மெலிந்தால் முள் குறைத்துத்தான் காட்டும். நாங்கள் அளந்தது 3000 அடியில். விமானக் கணக்குகளுக்கு வைத்திருக்கும் தர நிலைக் காற்றில் அந்த உயரத்தில் 9 டிகிரி இருக்க வேண்டும். பேராக் கடற்கரையில் காலை நேரத்திலேயே 24 டிகிரி. பதினைந்து டிகிரி கூடுதல் வெப்பம் என்றால் விமானத்துக்கு அது 3000 அடி அல்ல, 4800 அடி மாதிரி. அந்த மெல்லிய காற்றில் முள் 92 காட்டினால் உண்மை வேகம் 99-க்குப் பக்கம். ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் ஏழு நாட் கிடைத்துவிட்டது. காற்று குளிர்ந்த நாடுகளில் எழுதிய கையேட்டை இங்கே படிக்கிறவர்கள் இதை முதலில் செய்யுங்கள். வேகமானி 110 காட்டவில்லையே என்று அலைவதில் பொருளில்லை.

அடுத்தது மீட்டரே சரியா என்று பார்ப்பது. இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. மீன்தொட்டிக் கடையில் விற்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் 'யூ' வடிவில் வளைத்துக் கட்டி, பக்கத்தில் அடிக்கோலை ஒட்டி, சாயம் கலந்த தண்ணீரைப் பாதி ஊற்றினால் போதும். ஆலையில் பாய்லர் இழுப்பு அழுத்தத்தைப் பார்க்க இதே குழாயைத்தான் வைத்திருப்பார்களாம். ஃபிட்டர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிட்டார். டீ மூட்டு வைத்து ஒரு கிளையை இந்த 'யூ' குழாய்க்கும் ஒரு கிளையை, எதிர்க்காற்றை வாங்கி வேகமானிக்குக் கொடுக்கும் பிட்டோ குழாய்க்கும் கொடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் மெல்லக் காற்றை ஏற்றினோம். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். 60 நாட்டுக்கு 60 மில்லிமீட்டர், 80-க்கு 106, 100-க்கு 166. வாயால் ஊதாதீர்கள், ஒரு வேகமான ஊதலில் மீட்டரின் உள்தகடு போய்விடும்.

மீட்டர் சரியாக இருந்தது. 100-இல் ஒரு நாட்கூடப் பிசகில்லை. ஆனால் சிரிஞ்சைப் பிடித்தபடியே நிறுத்தி வைத்தால் தண்ணீர் நிற்கவில்லை. 166-லிருந்து மெதுவாக இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் 140-ஐத் தொட்டது. எங்கேயோ கசிவு. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பிட்டோ குழாயின் மூட்டு ரப்பர் காய்ந்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. புழுக்கமும் சூடும் சேர்ந்தால் ரப்பர் இங்கே சீக்கிரம் போய்விடும். பிட்டோ பக்கம் கசிந்தால் வேகமானி குறைத்துக் காட்டும். வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்தை வாங்கும் ஸ்டாட்டிக் பக்கம் விமானிக்கூண்டுக்குள் கசிந்தால் பெரும்பாலும் கூட்டிக் காட்டும், ஏனென்றால் பறக்கும்போது கூண்டுக்குள் அழுத்தம் கொஞ்சம் குறைவு. எந்தப் பக்கம் பிசகு என்று தெரிந்தாலே எந்தக் குழாயைத் தேடுவது என்று புரிந்துவிடும்.

மூட்டை மாற்றியதும் முள் 95 காட்டியது. அது உண்மையா என்று பார்க்க ஜிபிஎஸ் சோதனை. காலையில், தோட்டத்துக்கு மேலே வெயில் ஏறிக் காற்று குதிக்கத் தொடங்கும் முன்னே, மச்சானைக் குறிப்பெடுக்க உட்கார வைத்துக்கொண்டு 3000 அடிக்குப் போனோம். உயரமானியைத் தர அழுத்தமான 1013 ஹெக்டோபாஸ்கலில் வைத்து, 5000 ஆர்பிஎம்மில் நிறுத்தி, வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு திசையிலும் மூக்கை நேராகப் பிடித்து, ஒவ்வொரு திசையிலும் வேகம் நிலைக்கும்வரை காத்திருந்து ஜிபிஎஸ் எண்ணைக் குறித்தோம். வடக்கே 109, கிழக்கே 105, தெற்கே 95, மேற்கே 99. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் காற்று தள்ளியதும் தடுத்ததும் ஒன்றுக்கொன்று கழிந்து உண்மை வேகம் கிடைக்கும்: 102. முள் காட்டிய 95-ஐ உயரத்துக்கும் வெப்பத்துக்கும் திருத்தினாலும் அதே 102 வருகிறது. இரண்டு வழியும் ஒத்துப்போனதில் எனக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. இனிமேல் எதை மாற்றினாலும் பலனை நம்பிச் சொல்லலாம்.

ஆக, காணாமல் போனது 18 அல்ல, 8.

இப்போது எஞ்சின். முதலில் ஆர்பிஎம் மீட்டர். ரோட்டாக்ஸில் கியர் விகிதம் 2.43, எஞ்சின் 5000 சுற்றினால் புரொப்பெல்லர் 2058 சுற்ற வேண்டும். ஒளியால் அளக்கும் மீட்டரைக் கடன் வாங்கி, விமானத்தைக் கட்டிப்போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உள்ளே ஒருவர் பிரேக்கைப் பிடித்திருக்க, வெயிலில் வைத்துப் பார்த்தோம். குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் விளக்கின் துடிப்பு கணக்கைக் குழப்பும். மீட்டர் சரி.

இங்கே பலர் தடுமாறும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கோணம் மாறாத புரொப்பெல்லர் இருக்கும் விமானம் 5000-இல் மெதுவாகப் போகிறது என்றால் அதற்கு எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. 5000 சுற்றுக்கு என்ன பலம் வேண்டுமோ அதைக் கொடுத்துவிட்டதால்தான் அது 5000-இல் சுற்றுகிறது. எஞ்சின் பலவீனம் என்றால் அது முழு த்ராட்டிலில், அதாவது எஞ்சினை முழுதாக முடுக்கும்போது தெரியும். உச்ச ஆர்பிஎம் வராது. 5000-இல் மெதுவாக இருந்தால் காற்று இழுவை கூடுதல், அல்லது புரொப்பெல்லர் கோணம் குறைவு. இந்த இரண்டையும் கலந்தால் ஆள் மாற்றி அடிப்பது போல ஆகிவிடும்.

எங்களுக்கு இரண்டு கோளாறும் இருந்தது. முழு த்ராட்டிலில் நேராகப் பறந்தால் 5250 மட்டுமே வந்தது. இந்த எஞ்சினுக்குத் தொடர்ந்து ஓட்ட அனுமதித்த எல்லை 5500. ஐந்து நிமிடத்துக்கு 5800. மேனிஃபோல்ட் அழுத்தமும், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தமும், குறைவு. 3000 அடியில் வெளிக்காற்று அழுத்தம் பாதரச அளவில் 27 அங்குலத்துக்குப் பக்கம். முழுதாகத் திறந்திருந்தால் அதற்கு ஓர் அங்குலத்துக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதாவது கார்புரேட்டரின் தொண்டை முழுதாகத் திறக்கவில்லை. மூடியைக் கழற்றி, த்ராட்டிலை முட்டும்வரை தள்ளச் சொல்லிவிட்டுக் கார்புரேட்டர் பக்கம் குனிந்து பார்த்தேன். வலது லீவர் முட்டில் உட்கார்ந்திருக்கிறது. இடது லீவருக்கும் முட்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் வெளிச்சம். கேபிளைச் சரிசெய்து, இரண்டு வாக்குவம் மீட்டர் போட்டுக் கார்புரேட்டர் இரண்டையும் சமன்படுத்தினோம். செம்மண் தூசி படிந்திருந்த காற்று வடிகட்டியையும் கழுவி எண்ணெய் பூசிப் போட்டோம். அடுத்த பறப்பில் முழு த்ராட்டிலில் 5480. ஏறுவதிலும் வித்தியாசம் முதுகில் தெரிந்தது. 5000-இல்? அதே 102. மச்சானுக்கு ஏமாற்றம், ஆனால் கணக்குப்படி அது அப்படித்தான் இருக்க வேண்டும். மிச்சமெல்லாம் காற்று இழுவை.

இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் தாழ்த்தும் மடலான ஃபிளாப்பில் கொஞ்சம் கிடைத்தது. மேலே தூக்கி வைத்த நிலையில் வலது ஃபிளாப்பின் பின்விளிம்பு, பக்கத்தில் விமானத்தைச் சாய்க்கும் மடலான எய்லரானைவிட ஐந்து மில்லிமீட்டர் இறங்கி இருந்தது. அந்த இறக்கை தூக்க, அதைச் சமாளிக்க விமானத்தை ஓட்டும் குச்சியை எப்போதும் ஒரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. தண்டின் முனையைத் திருகி மேலே ஏற்றினோம். 103. ஒரு நாட் வித்தியாசத்தை நான் தனியாக நம்ப மாட்டேன், அது அளவின் பிசகுக்குள் அடங்கிவிடும். ஆனால் குச்சி நடுவில் நின்றது.

எனக்கு மிகப் பிடித்த பகுதி அடுத்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சிவப்புக் கம்பளி நூல் வாங்கி, விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டிக்கொண்டே போனோம்: இறக்கையின் வேர், சக்கரக் கால்கள், கால் இறக்கையோடு சேரும் மூலை, சக்கர உறையின் வால், எஞ்சின் மூடியின் அடிப்பக்கம். இறக்கைக்குக் கீழே ஒரு சின்னக் கேமராவை ஒட்டி, கழன்றால் விழாதபடி கயிறும் கட்டினோம். திடலுக்கு வெளியே கோங்பியாங் கடையில் உட்கார்ந்து படத்தைப் போட்டுப் பார்த்தபோது அடுப்பிலிருந்து வந்த சூடான பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

காற்று ஒட்டி ஓடும் இடத்தில் நூல் தகட்டோடு படிந்து லேசாக நடுங்கும். இறக்கை முழுதும் அப்படித்தான். சக்கர உறையின் பின்பக்கம் நூல்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தன; உறை காற்றுக்கு நேராக இல்லை, மூக்கு உள்பக்கம் திரும்பி இருக்கிறது என்று பொருள். கால் இறக்கையோடு சேரும் மூலையில்தான் பெரிய சங்கதி. அங்கே ஒட்டிய நூல்கள் சுழன்றன. இரண்டு நூல் முன்பக்கம் திரும்பி, விமானம் போகும் திசையைக் காட்டிக்கொண்டு நின்றன. அந்த இடத்தில் காற்று பின்னால் போகாமல் சுழித்துத் திரும்பி வருகிறது. அந்தச் சுழலை எங்களோடு சேர்த்து இழுத்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் பறந்திருக்கிறோம்.

கால்கள் உருண்டைக் குழாய். உருண்டைக் குழாய் பார்க்க மெல்லியதாக இருக்கும், ஆனால் அதே தடிப்பில் துளி வடிவில் உள்ள காலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு காற்றை இழுக்கும். அதற்குத் துளி வடிவ உறை கிட்டிலேயே வந்தது, போட்டும் இருக்கிறோம். மூலைகளுக்குத்தான் ஒன்றும் வரவில்லை. அதை நாமே செய்துகொள்ள வேண்டும்.

விமானத்தை ஜாக்கில் ஏற்றி, பறக்கும் நிலையில் உடல் எப்படி இருக்குமோ அப்படி மட்டம் பார்த்து நிறுத்தினோம். சக்கரம் தரையில் நிற்கும்போது உறையை நேராக்கினால் பறக்கும்போது கோணலாகிவிடும். தரையில் எடை கால்மேல் உட்காரும்போது கால் விரிந்திருக்கும். உறைகளை நூல் கட்டி விமானத்தின் நடுக்கோட்டுக்கு இணையாக்கிவிட்டு, மூலைகளில் பேக்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டிசின் மண்ணைத் திணித்து, பால் டின்னின் அடியால் உருட்டி உருட்டி வளைவு கொடுத்தோம். பின்பக்கம் வளைவு நீளமாகப் போய் மெல்ல முடிய வேண்டும். அங்கேதான் காற்று கழன்றுவிடும். அதன்மேல் மூன்று அடுக்குக் கண்ணாடித்துணி, எப்பாக்ஸி.

நம் ஊர் ஈரத்தில் எப்பாக்ஸி காய்ந்ததும் மேலே வழவழப்பாக மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். அதன்மேல் நேராக அடுத்த பூச்சுப் போட்டால் பின்னால் உரிந்து வரும். உப்புத்தாளால் தேய்த்தாலும் படலத்தை உள்ளே அழுத்துவதுதான் நடக்கும். முதலில் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பானும் போட்டுக் கழுவி, துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் உப்புத்தாள். மழை பெய்த நாளில் பூசவே வேண்டாம்.

மூலை உறைகளை மாட்டிப் பறந்தபோது நூல்கள் படிந்துவிட்டன. நான்கு திசைக் கணக்கு: 106. அதோடு 5000-க்குத் தேவைப்பட்ட மேனிஃபோல்ட் அழுத்தமும் கொஞ்சம் இறங்கியது. இது இழுவை உண்மையிலேயே குறைந்ததற்கு இரண்டாவது சாட்சி.

எஞ்சின் மூடியைத் தொடுவதில்தான் நான் மிகவும் தயங்கினேன். இந்த வெயிலில் பறக்கிறவர்கள் எஞ்சின் சூடாகுமே என்று காற்று வெளியேறும் வாயைப் பெரிதாக வைப்பது வழக்கம். எங்கள் மூடியும் அப்படித்தான். அடிப்பக்க நூல்கள் வெளிவரும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே வந்த காற்று ரேடியேட்டர் வழியாகப் போனால் எஞ்சின் குளிரும். அதைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகப் போனால் குளிர்ச்சியும் இல்லை, இழுவை மட்டும் மிச்சம். டார்ச் அடித்துப் பார்த்ததில் ரேடியேட்டரின் மூன்று பக்கமும் விரல் நுழையும் இடைவெளி. அலுமினியத் தகடும் சிவப்பு சிலிக்கான் ரப்பர் பட்டையும் வைத்து அதை அடைத்தோம். நடுப்பகலில் 70 நாட்டில் 3000 அடிக்கு ஏறிப் பார்த்தால் முன்பு 112 டிகிரி காட்டிய எண்ணெய் சூடு 108-தான் ஏறியது. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் வாயைக் குறைத்தேன். முதலில் கழற்றக்கூடிய தகடு வைத்து, திரும்ப நடுப்பகல் ஏற்றம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மூன்றில் ஒரு பங்கு. இப்போது ஏற்றத்தில் 114. எண்ணெய்க்கு எல்லை 130, குளிர்நீருக்கு 120. இரண்டுக்கும் நல்ல இடைவெளி இருக்கிறது. வேகம் 107. வரிசையை மாற்றாதீர்கள்: அடைத்து, அளந்து, அப்புறம்தான் வாயைக் குறைப்பது. குளிர்ந்த காலையில் மட்டும் சோதித்துவிட்டுத் தகட்டை ரிவெட் அடித்துவிடுவது ஆபத்து.

இப்போதுதான் எல்லாரும் முதலில் சொன்ன புரொப்பெல்லர் கோணத்துக்கு வந்தோம். இழுவை குறைந்ததால் முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் 5680 வரை ஓடியது. கோணத்தைக் கூட்ட இடம் பிறந்துவிட்டது. டிஜிட்டல் மட்டமானியை மூன்று இதழிலும் ஒரே இடத்தில் வைத்து, அரை டிகிரி கூட்டி, மூன்றும் 0.1 டிகிரிக்குள் ஒத்துவரும்வரை விடாமல், தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் போல்ட்டை முறுக்கினோம். முழு த்ராட்டில் 5500-இல் நின்றது. 5000-இல் 109. தரையை விட்டு எழும்ப இப்போது கொஞ்சம் கூடுதல் தூரம் எடுக்கிறது. சித்தியவான் ஓடுதளத்துக்கு அது ஒரு பொருட்டல்ல, குட்டையான புல்தரையில் இறங்குகிறவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். தொடக்கத்திலேயே, 5250 மட்டும் வந்த நாளில், ஆர்பிஎம்மைக் கூட்டுவதற்காகக் கோணத்தைக் குறைத்திருந்தால் 5000-இல் வேகம் இன்னும் இறங்கியிருக்கும். கேபிள் கோளாறும் மூடி மறைந்திருக்கும்.

புரொப்பெல்லர், மூடி, உறை என்று மாற்றிய ஒவ்வொன்றும் தேதியோடு லாக் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. மாற்றத்துக்குப் பிறகு எடையும் புவியீர்ப்பு மையமும் திரும்பக் கணக்கிட்டு, பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பறந்தோம். பறப்பு அனுமதியில் உள்ள விமானத்துக்கு இதில் குறுக்குவழி கிடையாது.

மூக்குச் சக்கரத்தின் கால் இன்னும் மூலை உறை இல்லாமல்தான் இருக்கிறது. புரொப்பெல்லரின் சுழல்காற்று நேராக அதன்மேல் அடிப்பதால் நூல்கள் அங்கே ஒழுங்காக எதையும் சொல்லவில்லை. அச்சுக்கு மண் பிடித்து வைத்திருக்கிறோம். மழை விட்டு நாலு நாள் காய்ந்தால் துணி போட்டுவிடலாம்.